ஒரு வார்த்தையை வேவு பார்க்கப் போன பயணம்: கோத்தகிரி முதல் ராஜகீழ்ப்பாக்கம் வரை

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய் வந்தேன். கடற்கரை, கோயில், மிருகக்காட்சிசாலை எதையும் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு குறிப்பிட்ட வார்த்தை புழங்குகிறதா என்று வேவு பார்க்கப் போனேன். இந்த மாதிரிப் பயணத்துக்கு யாரும் வழிகாட்டி எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். என் அக்கா மகன் பிரபு கூடுவாஞ்சேரியில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அங்கேயே கணக்கு பார்க்கும் தர்சினி என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். நல்ல பெண் என்கிறான், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால் பெண்ணின் அம்மா அப்பா யாழ்ப்பாணத்துக்காரர்கள். சண்டை முற்றிய காலத்தில் படகேறி வந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்கு இருப்பவர்கள். நாங்களோ சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டு, நீலகிரியில் மறுபடியும் தேயிலையிலேயே வந்து விழுந்த குடும்பம்.

இரண்டு பேரும் தமிழர்தானே என்று கேட்பீர்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அங்கே அரசாங்கக் கணக்கெடுப்பிலேயே இலங்கைத் தமிழர் வேறு இனம், தோட்டத்துக்குப் போன எங்களைப் போன்ற இந்தியத் தமிழர் வேறு இனம். என் அக்காவை ஒன்பது வயதில் கொழும்பில் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குப் பேர் கிடையாது. "தோட்டக்காட்டாள்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆணாக இருந்தால் தோட்டக்காட்டான். தோட்டத்துக் காட்டிலிருந்து வந்த, ஒன்றும் தெரியாத கூலி என்று அர்த்தம். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதே பேர், அடிப்பதற்குக் கூப்பிட்டாலும் அதே பேர்.

அக்காவின் வீட்டுக்காரர் இல்லை. நான் சரி என்றால்தான் அவள் சரி என்பாள். கிளம்பும்போது சொல்லி அனுப்பினாள்: "நகை, ஜாதகம் ஒண்ணும் கேக்க வேணாம். அந்த வார்த்தை அந்த வீட்ல வருதான்னு மட்டும் பாரு. வந்துச்சுன்னா எம் புள்ளைக்கு அந்த வீடு வேணாம்."

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பச்சைத் தேயிலை எடை போட்டவன். மூட்டையில் தண்ணீர் தெளித்து வருகிறார்களா, அடியில் கல் கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே முடி நரைத்தது. இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

சனிக்கிழமை மாலை கோத்தகிரியில் பஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் சென்னை வண்டிக்கு மாறினேன். டிக்கெட் எழுநூற்றைம்பது ரூபாய். சாய்வு இருக்கை என்று பெயர், சாய்ந்தது முன்னால் இருந்தவர்தான், என் முழங்காலின்மேல். கூடுவாஞ்சேரி வந்ததும் எழுப்புவதாகக் கண்டக்டர் சொன்னார். நம்பாமல் விழித்துக்கொண்டே வந்தேன். விடியற்காலையில் அவர் மெனக்கெட்டு வந்து, விழித்திருந்த என்னைத் தட்டி எழுப்பிவிட்டுப் போனார்.

ஜிஎஸ்டி ரோட்டில் இறங்கினால் நான்கு பக்கமும் மனை விளம்பரங்கள். எல்லா மனையும் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடமாம். ஹெலிகாப்டரிலா என்று போடவில்லை. பிரபுவின் அறைக்குப் போய்க் குளித்தேன். அவனுக்கு அன்று காலை ஷிப்ட். "மாமா, சாயங்காலம் நாலு மணிக்கு வர்றோம்னு அவங்க வீட்ல சொல்லியிருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்" என்றான். நான் தலையாட்டிவிட்டு, தாம்பரத்தில் பனியன் வாங்க வேண்டும் என்று சொல்லி ஒன்பது மணிக்கே கிளம்பினேன். சொன்ன நேரத்துக்குப் போனால் எந்த வீடும் பெருக்கித்தான் இருக்கும், பேச்சு உட்பட.

கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் இறங்குங்கள். மேற்கே இறங்கினால் படியேறித் திரும்பி வர வேண்டும். கிழக்கில் வேளச்சேரி ரோட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோ நிற்கும். ராஜகீழ்ப்பாக்கத்துக்கு இருபது ரூபாய். தனி ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் காதில் ஒயர் மாட்டிய ஒரு வடநாட்டுப் பையன். சேலையூரில் இறங்கும்போது, "அண்ணா, நாளைக்கு ஆறு மணி" என்று தமிழில் சொன்னான். "சர்ரா வடக்கா, வந்துர்றேன்" என்றார் டிரைவர். பையன் சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை.

"தெரிஞ்ச பையனா?" என்று கேட்டேன்.

"டெய்லி நம்ம வண்டிதான் சார். எங்க வூட்டு மேலதான் கீறான். தங்கமான பையன். என் பொண்ணுக்கு ஜொரம் வந்தப்போ இவன்தான் தூக்கினு ஓடுனான்."

"பேர் என்ன?"

"பேரா? இன்னாவோ சொன்னான் சார், வாய்ல நொழையல. வடக்கன்னா திரும்பிப் பாப்பான். அதுல இன்னா கீது?"

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களை யாழ்ப்பாணத்தில் "வடக்கத்தியான்" என்பார்கள். இந்தியா அவர்களுக்கு வடக்கே இருக்கிறதல்லவா, அதனால். அங்கே நான் வடக்கு, இங்கே இந்தப் பையன் வடக்கு. டிரைவர் கெட்டவராகத் தெரியவில்லை, அதுதான் என்னை உறுத்தியது. கொழும்பு வீட்டிலும் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கித் தந்திருக்கிறார்கள்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இறங்கி, ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் போகும் தெருவில் மூன்றாவது வீடு. கதவைத் திறந்த பெண்ணின் அம்மா யோகேஸ்வரி நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பதறினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"பின்னேரம்தானே வாறதெண்டு சொன்னவை... வாங்கோ, இருங்கோ. இவர் உங்களுக்கெண்டு இறைச்சி வாங்கத்தான் போயிருக்கிறார். தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

தேத்தண்ணி! டீயை எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவர் அப்படிச் சொல்லிக் கேட்டு எத்தனை காலம். மனசு சட்டென்று இளகியது. உடனே உஷாரானேன். தர்சினி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கப் புத்தம் புதியது, அடியில் கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. யோகேஸ்வரியோ எவர்சில்வர் டம்ளரில் குடித்தார். எனக்கு மட்டும் ஏன் தனிக் கப்? மரியாதைக்கா, தீட்டுக்கா? கொழும்பில் அக்காவின் தகரக் குவளை கொல்லைப் பக்கம்தான் இருக்கும். கண்ணை ஓட்டினேன். அலமாரியில் அதே மாதிரி ஐந்து கப் கவிழ்த்து வைத்திருந்தது. சரி, அது தப்பித்தது.

முக்கால் மணி நேரம் பேசினோம். போலீஸ் பதிவு, வாடகை, தர்சினிக்கு இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதது எல்லாம் சொன்னார். பையனின் குடியுரிமைக்காகத்தான் இந்தச் சம்பந்தமோ என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அதையும் மடியில் கட்டிக்கொண்டேன். அந்த வார்த்தை மட்டும் வரவேயில்லை. தோட்டத்தைப் பற்றி நானாகவே இரண்டு தடவை பேச்சை எடுத்தும் வரவில்லை.

அப்போது டீப்பாய்மேல் இருந்த தர்சினியின் போன் அடித்தது. நான் பனியன் வாங்கப் போனதை நம்பாத பிரபு, அவளை உஷார்படுத்தக் கூப்பிட்டிருக்கிறான். திரையில் கறுப்புக் கண்ணாடியோடு அவன் படம். படத்துக்கு மேலே தமிழில் கொட்டை எழுத்தில் "தோட்டக்காட்டான்". பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

யோகேஸ்வரி ஒரே வீச்சில் போனைக் கவிழ்த்தார்.

"அம்மா, யாரு?" என்று சமையலறையிலிருந்து தர்சினி கேட்டாள்.

"ஒருத்தருமில்ல."

"அதை நிமிர்த்துங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தர்சினி வந்து போனை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "ஐயோ அங்கிள், இது பிரபுவே டைப் பண்ணது. அவன் போன்ல என் பேரு 'அகதி'. ஸ்கூல்ல என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவங்க அம்மாவைத் தோட்டக்காட்டாள்னு கூப்பிட்டாங்கன்னு அவன் சொன்னான். ரெண்டையும் நாங்களே எடுத்து வச்சுக்கிட்டோம். ஜோக் அங்கிள், சத்தியமா."

அவள் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அவள் வாயில் அந்த வார்த்தைக்கு எடையே இல்லை. ஆனால் நான் அவளைப் பார்க்கவில்லை. தொழிற்சாலையிலும் மூட்டையை மறைத்துக்கொண்டு நிற்பவனைத்தான் முதலில் அவிழ்க்கச் சொல்வேன்.

"ஜோக்னா நீங்க ஏம்மா கவுத்தீங்க?" என்று யோகேஸ்வரியிடம் கேட்டேன்.

அவர் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு மகளைப் பார்க்காமல் சொன்னார்: "யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டிலயும் ஒரு பிள்ளை நிண்டது. ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. என்ர வயசுதான் இருக்கும். வீட்டில எல்லாரும் அவவை அப்பிடித்தான் கூப்பிட்டனாங்கள். நானும்தான். கோவத்தில இல்ல. சும்மா, சாதாரணமா."

"அந்தப் பிள்ளை பேர் என்ன?"

"தெரியாது." துண்டின் நுனியை விட்டுவிட்டு, "பேர் எண்டு ஒண்டு இருந்திருக்கும்தானே. நான் கேக்கேல்ல."

"அம்மா, நீங்க இதைச் சொன்னதே இல்லையே" என்றாள் தர்சினி. அவள் கையில் போன் மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை. இந்தத் தடவை அந்தத் திரையைப் பார்க்க அவளுக்கும் கஷ்டமாக இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இறைச்சி வாங்கப் போனவர் வருவதற்குள் எழுந்துவிட்டேன். வாசலில் யோகேஸ்வரி, "பிரபுவின்ர அம்மாவின்ர பேர் என்ன?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அக்காவின் போன் நம்பரை மட்டும் கொடுத்து, "அவங்ககிட்டயே கேளுங்க" என்றேன்.

மாலையில் பிரபு என்னைப் பெருங்களத்தூரில் பஸ் ஏற்ற வந்தான். வழியெல்லாம் வாதாடினான்.

"மாமா, அந்த வார்த்தை என்னை ஒண்ணும் பண்ணல."

"உன்னைப் பண்ணாதுடா. உங்கம்மாவைப் பண்ணுச்சு. நாளைக்கு ரெண்டு பேருக்கும் சண்டை வரும்ல, அப்ப அதே வார்த்தையை அவ சொன்னா?"

"நான் அகதின்னு சொல்லுவேன்" என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. போனில் பேரை மாற்றிவிட்டதாகப் பிறகு சொன்னான். நான் பார்க்கவில்லை, அதனால் நம்பவுமில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"யாரு சொன்னது?"

"உம் புள்ளதான். போன்ல எழுதி வச்சிருக்கான்."

நடந்ததையெல்லாம் சொன்னேன். பின்னால் ஆம்னி பஸ்கள் அலறிக்கொண்டிருந்தன. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அந்தப் புள்ள பேரு தெரியலையாமா?"

"கேக்கவே இல்லையாம்."

"சரி, நீ வந்து சேரு" என்று வைத்துவிட்டாள்.

நான் வீடு திரும்பிய மூன்றாம் நாள் அக்கா பிரபுவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்: "சம்பந்தி, அண்ணி எதுவும் வேணாம்னு அவங்கம்மாகிட்ட சொல்லு. எம் பேரை நீயே அவங்ககிட்ட சொல்லிடு, என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடணும். அதுக்கு வாய் வந்தா மத்ததைப் பேசலாம்." எங்கள் பக்கம் சம்பந்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. ஊர் சிரிக்கும் என்றேன். சிரிக்கட்டும் என்றாள்.

போகப்போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மலையிலிருந்து வரும் பஸ்ஸில் கிளாம்பாக்கம் வரை போகாமல் கூடுவாஞ்சேரியிலேயே இறங்கி ரயில் பிடியுங்கள், காசும் நேரமும் மிச்சம். பண்டிகைக்கு முன்தினம் பெருங்களத்தூரில் பஸ் ஏற நினைக்காதீர்கள், நின்றே கிழவனாகிவிடுவீர்கள். ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்கப் போனால் சொன்ன நேரத்துக்கு முன்னால் போங்கள், ஆனால் எதைப் பார்த்தாலும் தாங்குகிற மனசோடு போங்கள். அந்த ஆட்டோவில் நான் பையனின் பேரை அவனிடமே கேட்டிருக்கலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

நேற்று காலை அக்காவின் போன் அடித்தது. புது நம்பர். நான் சாட்சிக்கு இருக்க வேண்டுமென்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அன்னலெட்சுமி... நான் யோகேஸ்வரி கதைக்கிறன்."

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் சிக்னல் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.