முகர்ந்து பார்த்த உப்பு

காரைக்காலில் ஒரு வீட்டில் எடுபிடியாக இருந்தபோது அந்தச் சமையற்காரம்மாவைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, புகையேறிய கண்ணாடி. எதையும் வாயில் வைத்துப் பார்க்கமாட்டார்; ஆவியை முகர்ந்தே உப்பின் அளவைச் சொல்லிவிடுவார்.

கடற்கரைப் பிக்னிக்குக்காக வீட்டம்மா பாஸ்தா சாலட் கேட்டார். இவர் வெந்த பாஸ்தாவை ஆறவைத்து, சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய் கலந்தார். குனிந்து முகர்ந்தார். ஆறிய பண்டத்தில் ஆவி ஏது?

"ஒரு வாய் தின்னு பாருங்கக்கா," என்றேன்.

"அவங்க திங்கறதுக்கு முன்ன எச்சில் பண்ணவா? போடா!"

கடற்கரைக்கு எங்களையும் கூட்டிப்போன வீட்டம்மா, ஒரு வாய் தின்றதும் சமையற்காரம்மாவிடம், "உப்பே இல்ல. நாளையிலேருந்து வராதீங்க," என்றார்.

"ஒரு சிட்டிகை தூவுனா தீந்துச்சு. அதுக்காம்மா வேலைய விட்டு நிறுத்துறீங்க?" கரண்டியை வீசிவிட்டு நடந்தார் அவர்.

பிறகு உப்பைத் தூவி எல்லோரும் தின்றார்கள். அவர் பின்னால் போகாமல் நின்று பரிமாறியவன் நான். அதை நினைத்தால் இன்றும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.