வாழைப்பழ மருந்து வரட்டும்

எங்கள் லேபுக்கு வாழைப்பழம் வாங்கிப்போடும் வேலை என்னுடையது. நான் சீப்பு சீப்பாக அள்ளுவதைப் பார்த்துவிட்டு யஷ்வந்தபுரத்துப் பழக்கடைக்காரர், "ஜூஸ் கடையா மேடம்?" என்று கேட்பார். எச்.ஐ.வி. ஆராய்ச்சிக்கு என்று ஒருநாள் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். மனுஷன் பையை என் கையில் கொடுக்காமல் பெட்டி மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த ஊரில் இவ்வளவு படித்த ஜனங்கள் இருந்து என்ன புண்ணியம்!

வாழைப்பழத்தில் ஒரு புரதம் இருக்கிறது. லெக்டின் என்போம். சர்க்கரையைக் கண்டால் பிடித்துக்கொள்கிற ரகம். எச்.ஐ.வி. கிருமியோ மேலெல்லாம் சர்க்கரையை அப்பிக்கொண்டு திரிகிறது. அதுவும் நம் செல்லுக்குள் இருந்தபோது பூசிக்கொண்டது. அதனால் உடம்பின் காவல் படை, நம்ம ஆள்தான் என்று விட்டுவிடுகிறது. ஆனால் மேனோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரை கிருமியின் மேல் நெருக்கிக்கொண்டு நிற்கும். நம் செல்களின் மேல் அவ்வளவு நெருக்கம் கிடையாது. அந்த நெருக்கத்தை லெக்டின் கண்டுகொள்ளும். நாயுருவி முள் புடவையில் ஒட்டுகிற மாதிரி போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் கிருமியால் செல்லைப் பிடிக்க முடியாது, உள்ளே போகவும் முடியாது.

இதையெல்லாம் நான் வாய் ஓயாமல் சொன்னது சந்தாபுராவில் இருக்கும் அக்காவிடம். பெரியம்மா மகள். கல்யாணமான அடுத்த வருஷம் மாமாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் வந்தது. அதற்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அக்காவுக்கு இல்லை. மாமா அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி ஒருநாள் தவறாமல் சாப்பிடுகிறார். இப்போது அவர் ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தட்டுப்படவில்லை. இனி உனக்கு ஒட்டாது, குழந்தைகூடப் பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டர் அக்காவை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்தது குடும்பத்தில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான்.

ஆனால் அக்கா ஹாலில், ஃபிரிட்ஜ் பக்கத்தில் பாய் போட்டுத் தனியாகப் படுத்தாள். "உன் வாழைப்பழ மருந்து வரட்டும்டி, அப்புறம் பாக்கலாம்" என்பாள். மாமாவும் சரி என்று ஒதுங்கிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "இருக்கிற மருந்தே போதும்னு டாக்டரே சொல்றாரு. நம்புறதுக்கு என்ன கேடு உனக்கு?" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அவள் அசைய மாட்டாள். இதில் மாமாவுக்கு வேளாவேளைக்கு வாழைப்பழம் வேறு. சாப்பிட்டால் வேலை செய்யாது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "பரவால்ல, வயித்துக்கு நல்லது" என்றாள்.

நாங்கள் லேபில் வைத்து வேலை செய்வது போலி வைரஸ். மேலுறை அசல், உள்ளே பெருகுகிற சரக்கு கிடையாது. அது நுழைந்த செல் ஒளி விடும், மெஷின் அதை அளக்கும். ஒளி குறைந்தால் வைரஸ் நுழையவில்லை என்று கணக்கு. போன மாதம் நான் பிரித்தெடுத்த லெக்டினைப் போட்டதும் ஒளி அப்படியே படுத்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவுக்கு ஓடி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அப்படியா?" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "எப்போ கைக்கு வரும்?"

சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சாரிடம் கிராஃபைக் காட்டினேன். அவர் கன்னடக்காரர், எங்களோடு சேர்ந்து அரைகுறைத் தமிழ் பேசுவார். "வைரஸ் போடாம லெக்டின் மட்டும் போட்ட செல் எங்கம்மா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவசரத்தில் அதை வைக்கவே இல்லை. மறுபடி செய்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல் எல்லாம் கட்டி கட்டியாகச் செத்து மிதக்கிறது. செத்த செல் எங்கே ஒளி விடும்? திருடன் வரக்கூடாது என்று வீட்டையே இடித்து வைத்திருக்கிறேன். சார் திட்டவில்லை. அளவைக் குறைத்து, கலப்படம் இருக்கிறதா என்று பார்த்து, முதலிலிருந்து ஆரம்பி என்றார். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் என் கவலை.

ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவுக்குப் போனேன். மாமா ஃபேக்டரிக்கு ஓவர்டைம் போயிருந்தார். அக்கா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது, அதை நம்பி வாழ்க்கையை வீணாக்காதே என்றேன். அவள் அழுவாள், சமாதானம் சொல்லலாம் என்று தயாராக வந்திருந்தேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி. பெருமூச்சுகூட விட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீ போன் பண்ண அன்னிக்கி ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லடி" என்றாள். "ஐயோ, மருந்து வந்துடுச்சேன்னு."

"என்னக்கா சொல்ற?"

"டாக்டர் சொன்னத நான் நம்பாம இல்ல. பயமெல்லாம் என்னிக்கோ போயிடுச்சு. இந்த வியாதி எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவர ஒரே ஒரு தடவ கேட்டேன். தெரியலன்னு சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். மறுபடி கேக்க எனக்கு தெம்பு இல்ல. கேக்காம பக்கத்துல போய்ப் படுக்கவும் மனசு வரல. மருந்து வரட்டும்னு சொன்னா அவரும் ஒண்ணும் கேக்கறதில்ல, எனக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."

சர்க்கரை, லெக்டின், ஒட்டும், ஒட்டாது என்று நான் அவளிடம் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பாவி, என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று அழுகை முட்டியது.

அப்போது கேட் சத்தம் கேட்டது. மாமா ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வாம்மா. ஆராய்ச்சி எப்படிப் போகுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நல்லா போகுதாம். இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகுமாம்."

மாமா என்னைப் பார்த்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

"அதனால என்னம்மா, நிதானமாப் பண்ணு" என்றார். "நாங்க எங்க போகப் போறோம்."