வாசலில் ஒரு மணல் வாளி

சிவகாசியில் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில் கீரை வளர்த்தேன். மண் கிடையாது, வெறும் தண்ணீரில். இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். போன மானம் போனதுதான்.

அதற்கு முன்பு அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக் குழாயில் மருந்து செலுத்தும் வேலை. ஒரு நாள் பக்கத்து அறை வெடித்தது. தினமும் என்னோடு ஒரே வேனில் வந்தவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிப் போனார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டதோடு சரி. அன்றைக்கு என் மகள் என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "இனிமே அந்த வேன்ல ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணும்மா" என்று அழுதாள். அப்பனும் இல்லாத பிள்ளை. சத்தியம் செய்தேன்.

செல்போனில் பார்த்துக் கற்றதுதான் இந்தக் கீரை வித்தை. பழைய பிளாஸ்டிக் பைப்பில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டேன். ஓட்டைக்கு ஒரு டீக் கப்பு, கப்புக்குள் ஸ்பாஞ்சு, அதில் விதை. மீன் தொட்டி மோட்டார் தண்ணீரைச் சுற்றவிடும். வெயில் நுழையாத அறை என்பதால் ஊதா விளக்கு. தண்ணீரில் உரம் கரைக்க வேண்டும். உரக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பொட்டலங்களில் ஒன்றைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பொட்டாசியம் நைட்ரேட். நாங்கள் வெடியுப்பு என்போம். கம்பெனியில் மூட்டை மூட்டையாகப் பார்த்த சாமான், செடிக்கும் அதுதான் சோறாம்!

பாலக்கும் வெந்தயக்கீரையும் தளதளவென்று வந்தன. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனாள். "டீச்சர்க நாளைக்கும் கேட்டாகம்மா" என்று வந்து நிற்பாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பழகின கை சும்மா இருக்குமா? அதுதான் என்னைக் கெடுத்தது. வெடியுப்பு இருக்கிற அறைக்குள் செருப்போடு போக எனக்குக் கால் வராது. இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்று மர அகப்பையால்தான் அள்ளுவேன். கம்பெனியில் தீயணைக்க வைப்பது போலவே அறை வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். கீரைக்கு எதற்கு அதெல்லாம்? எதற்குமில்லை. வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் முன்பு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். மோட்டார் சத்தம் கேட்டு வந்தவர் மணல் வாளியைப் பார்த்தார், வெட்டிப் போட்ட பைப்புத் துண்டுகளைப் பார்த்தார். அவர் முகமே வெளுத்துப் போனது.

"ஏம்மா, உள்ள என்ன பண்றீக?"

"கீரை வளக்கேன் அண்ணாச்சி."

"கீரைக்கு எதுக்கு மணல் வாளி? யாருகிட்டக் கதை விடுறீக?"

வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வெடி சுற்றி, வீட்டோடு போனவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அவர் பயந்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஓரெட்டு உள்ளே வந்து பார்த்திருக்கலாம். பார்க்காமல் போலீசுக்குப் போன் போட்டார்.

தெருவே கூடி நின்றது. வந்த போலீஸ்காரர் ஒரு இலையைக் கிள்ளி மோந்து, "நெசமாவே கீரைதான்யா" என்று சிரித்தார். வெடியுப்புப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"போலீஸ் ஏறுன வீடும்மா. நாளைக்கு எவன் குடி வருவான்? காலி பண்ணிருங்க" என்றார் வீட்டுக்காரர்.

"கீரைதான்னு ஒங்க கண்ணால பார்த்தீகள்ல?"

"பார்த்தேன். அதுக்கென்ன?"

அதுக்கென்னவாம்!

வெடி போடுகிறவள் என்று ஊர் முழுக்கப் பேராகிவிட்டது. ஏறிய வீட்டிலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒருவர், "பைப்பு, உப்பு எதுவும் உள்ள வரப்படாது. வாடகை தவறாம வரணும். கம்பெனி வேலைக்குப் போறதுன்னா வீடு தாரேன்" என்றார். பைப்புகளைப் பழைய இரும்புக்கடையில் போட்டேன். அப்போது தீபாவளி சீசன். கம்பெனியில் போய்க் கேட்ட உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் காலையில் மகள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கைக்கு வந்த சேலையைக் கட்டிக்கொண்டு, அவள் எழுவதற்குள் கிளம்பிவிடப் பார்த்தேன். எழுந்துவிட்டாள். சண்டை போடுவாள், சத்தியத்தைச் சொல்லிக் காட்டுவாள் என்று நின்றேன். பெட்டியைத் திறந்து ஒரு நூல் சேலையை எடுத்து நீட்டினாள்.

"இதக் கட்டும்மா. நைலான்னா தீப்பிடிச்சா ஒடம்போட ஒட்டிக்கிடும்."