பார்க்காமல் பச்சையாக்கிய நாற்பது விடைகள்

புளியந்தீவில் எங்கள் மென்பொருள் அலுவலகம் மாடியில் இருந்தது. என் மேசைக்கு நேரே ஜன்னல், அதற்கப்பால் கடலோடு கலக்கும் உப்புநீர் வாவி. பகல் இரண்டு மணியானால் தண்ணீரின் வெளிச்சம் சீலிங்கில் வந்து மெல்ல அசையும். அதைப் பார்த்துக்கொண்டே பாதி வேலை செய்தவள் நான்.

பழுகாமத்தில் வாவியோர வயல்வட்டை ஒன்றில், மிகுந்த தண்ணீரை வாவிக்குள் விடும் வடிகால் மடைக்கு மோட்டார் பூட்டினார்கள். மடை எப்போது திறக்க வேண்டும் என்று விவசாயிகளே எழுத ஒரு குட்டி மொழி செய்தோம். அதைப் பிரித்துப் படிக்கும் பார்சர் என் பொறுப்பு.

அதற்கென்று ஒரு கமாண்ட்லைன் டூல் உண்டு. மொழியின் இலக்கணத்தைக் கொடுத்தால் பார்சரை உண்டாக்கித் தரும். மாதிரி வாக்கியம் ஒவ்வொன்றும் எப்படிக் கிளைபிரிய வேண்டும் என்று நாம் ஒரு மரம் எழுதி வைப்போம். டெஸ்ட் ஓடவிட்டால், பார்சரின் மரமும் நம் மரமும் ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை கிளைகளின் பெயர்களை மாற்றினேன். நாற்பது டெஸ்ட்டும் சிவந்தன. பெயர் மாறினால் சிவக்கத்தானே செய்யும். ‘அப்டேட்’ என்றொரு சுவிட்ச் இருக்கிறது. பார்சர் இப்போது தருவதையே சரியான விடையாக எழுதிவிடும். அதைப் போட்டேன், நாற்பதும் பச்சையாயின. பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். நான் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசை றிஸ்வான், "எல்லாம் பாத்தயளா?" என்றார்.

"ஓம்" என்றேன், கூசாமல்.

மறுநாள் மடையடிக்குப் போனேன். தண்ணீர்ப் பொறுப்புக்கு விவசாயிகள் தெரிவுசெய்த வட்டை விதானையார் காத்திருந்தார். அவருடைய விதி இதுதான்: மழை பெய்தாலோ வயல் நிறைந்தாலோ மடை திறக்க வேண்டும், ஆனால் இரண்டுக்குமே வாவி தாழ்ந்திருக்க வேண்டும். மடிக்கணினியில் அதன் மரத்தைக் காட்டினேன். விரலால் கிளைகளைத் தொடர்ந்து போனார்.

"புள்ள, வாவி தாழ்ந்திருக்கோணும் எண்டது வயல் நிறையிறதோட மட்டும்தானே நிக்குது? மழைக்கு அது இல்லியே."

அவர் சொன்னது சரி. பெயர் மாற்றும்போது எதையோ இடம்மாற்றியிருக்கிறேன். டெஸ்ட் அதைத்தான் சிவப்பில் சொல்லியிருக்கிறது. என் சரியான பழைய விடையை நானே அழித்திருக்கிறேன். வாவி உயர்ந்திருக்கையில் மழை பெய்தால் மடை திறந்து உப்புத்தண்ணீர் உள்ளே வரும். கதிர் பால்பிடிக்கும் நேரம் அது.

"நேத்து எல்லாம் சரி எண்டு போன்ல சொன்ன நீங்க?"

"ஓம் ஐயா. பச்சை வந்தது."

"அந்தச் சரிய ஆரு சொன்ன?"

டூல் என்று வாய்வரை வந்தது.

"நான்தான் ஐயா. பாக்காமச் சொல்லிட்டன்."

அவர் கோபப்படவில்லை. மோட்டார்ப் பெட்டியைப் பூட்டினார்.

"வடிவாப் பாத்து முடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கையால திறக்கிறன்."

நாற்பது மரங்களையும் கையால் எழுதிச் சரிபார்க்க எட்டு நாள் ஆனது. எட்டு நாளும் நல்ல மழை. ஒன்பதாம் நாள் போனேன். வயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் துணி சுற்றியிருந்தது. மடைச் சக்கரம் துருப்பிடித்தது என்று மட்டும் சொன்னார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த சுவிட்சை நானே சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல சுவிட்ச்தான். ஆனால் நாம் பார்க்காமல் விடும் வேலை தீர்ந்துபோவதில்லை, யாரோ ஒருவருடைய கைக்குப் போய்ச் சேர்கிறது.