சிவப்புப் பாசி ஊட்டிய நாட்கள்

தொண்டையில் புற்றுநோய் என்று கதிர்வீச்சும் கீமோவும் தொடங்கிய பிறகு, என் கணவருக்கு இறங்கிய ஒரே உணவு அகார்-அகார் ஜெல்லிதான். சோறு எரிந்தது, கஞ்சி எரிந்தது, பால் குமட்டியது. தீபாவளிக்குத் தட்டு நிறைய வெட்டி வைப்போமே, அந்தத் துண்டுகள் மட்டும் எப்படியோ வழுக்கிக்கொண்டு போயின. உடம்போ கரைந்துகொண்டே வந்தது. எடை இன்னும் இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாம் தள்ளிவைத்தால் கட்டி சும்மா காத்துக்கொண்டிருக்குமா?

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான். “அகார்-அகார்ல சத்து ஒன்னும் இல்ல லா அக்கா. தண்ணியும் கொஞ்சம் நாரும்தான்” என்றாள்.

“கடல்பாசியிலதானே செய்றாங்க? அதுல எல்லா சத்தும் இருக்குன்னு போன்ல காட்டுறாங்களே?”

“அகார் எடுக்கற சிவப்புப் பாசியில இருக்குதான். புரதம், இரும்பு, அந்த சிவப்பு நிறமே ஆன்டி-ஆக்சிடன்ட். ஆனா காய்ச்சி வடிகட்டி வெளுக்கறப்ப அதெல்லாம் போயிடும். முழுப் பாசியா குடுத்தாலும் எடை ஏறாதுக்கா, கலோரி ரொம்ப கம்மி. ஆன்டி-ஆக்சிடன்ட் பேச்செல்லாம் பெரும்பாலும் லேப்ல பார்த்தது. முட்டை, பால் பவுடர் கலந்து குடுங்க.”

என் காது வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டது. புரதம், இரும்பு, சிவப்பு. மற்றதெல்லாம் லிஃப்டிலேயே விழுந்துவிட்டது. நேரே பாசார் சந்தைக்குப் போய், சீனர் கடையில் காய்ந்த சிவப்புப் பாசி வாங்கினேன். பழைய துடைப்பம் மாதிரி இருந்தது. ஊறவைத்ததும் சுங்கை பினாங்கில் எங்கள் ஃப்ளாட் முழுக்கக் கடல் நாறியது. வடிகட்டினால்தானே சத்து போகும்? வேகவைத்து, அப்படியே அரைத்து, கருப்பட்டி போட்டு இறுக வைத்தேன்.

“நல்லாதான் இருக்கும்மா” என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்த கரண்டியை நீட்டினேன். பாசியெல்லாம் நார், இரண்டு வாயிலேயே வயிறு நிரம்பிவிடும். முட்டை கலந்த பால் பக்கத்திலேயே ஆறிக் கிடக்கும். எனக்குப் பயம், பயம் மட்டும்தான். சாமி மேடை முன்னால் நின்று சாமியையே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கீமோவுக்குக் குறித்த நாளில் நர்ஸ் அவரை எடைக் கருவியில் ஏறச் சொன்னாள். சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. சட்டையைச் சரிசெய்கிற சாக்கில் அவர் பின்னால் போய் ஒட்டி நின்றேன். எண்கள் ஓடின. என் வலது கால் விரல்கள் செருப்பைவிட்டு வெளியே வந்து, கருவியின் ஓரத்தை மெல்ல அழுத்தின. எண் கொஞ்சம் ஏறியது. இன்னும் அழுத்தினேன்.

நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். அவளும் நம் பிள்ளைதான்.

“அக்கா, காலை எடுங்க” என்றாள் மெதுவாக. “மருந்தோட அளவே இந்த எடைய வச்சுதான் போடுறாங்க. மருந்து கூடிட்டா அண்ணன் உடம்பு தாங்காது.”

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நான் காலை எடுக்கவில்லை.