ரோஸ் அக்காவும் என் ஜிஞ்சர் பியரும்

நேத்து மத்தியானம் எங்க வீட்டு சீலிங்ல ஜிஞ்சர் பியர் அடிச்சிருச்சு!

சீலிங் மட்டும் இல்ல. கர்ட்டன், கிறிஸ்மஸ் மரம், எங்க மாமனாரோட வெள்ளைச் சட்டை.

ஆனா நான் இன்னும் சிரிச்சிக்கிட்டே இருக்கேன். ஏன்னு சொல்றேன். (பதிவு கொஞ்சம் நீளம், பிளேன்டீ ஊத்திக்கிட்டு வாங்க.)

எனக்கும் ஸ்டீபனுக்கும் கல்யாணமாகி ரெண்டு வருஷம். நான் பூண்டுலோயாக்காரி, கோயிலுக்குப் போற குடும்பம். அவங்க சர்ச்சுக்குப் போறவங்க. மாமா டீ ஃபேக்டரியில ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவரு, இப்ப தலவாக்கலையில நாத்தனார் வீட்டுல இருக்காரு.

ரெண்டு வருஷமா என்கூட ஒரு வார்த்தை பேசல. சண்டை எல்லாம் கிடையாது. எதுவா இருந்தாலும் மகன் வழியாத்தான் வரும்.

"ஸ்டீபன், சோறு போதும்னு சொல்லு."

நான் சோத்துக் கரண்டியோட அவரு பக்கத்துலயேதான் நிப்பேன்.

இந்த கிறிஸ்மஸுக்கு கந்தப்பளையில எங்க வீட்டுக்கு சாப்பிட வர்றேன்னாரு. (ஸ்டீபன்கிட்டதான்.) அவருக்கு ஜிஞ்சர் பியர்னா உசுருன்னு நாத்தனார் சொன்னாங்க. சரி, என் கையால செஞ்சு குடுத்து ஒரு வார்த்தை வாங்கிடணும்னு முடிவு பண்ணேன். நல்லா இருக்குன்னு சொல்லாட்டியும் பரவால்ல. இனிப்பு கூடிப்போச்சுன்னு என்னைப் பாத்து திட்டினாலே போதும்.

வீடியோ பாத்து செஞ்சேன். இஞ்சி தட்டி அவிச்சு, ஆறவச்சு, சீனி, தேசிக்காய்ப் புளி, பேக்கரியில பாணுக்குப் போடுற ஈஸ்ட் எல்லாம் போட்டு, பத்து பிளாஸ்டிக் சோடா போத்தல்ல அடைச்சேன். ரெண்டு நாள்ல ரெடின்னு வீடியோவுல சொன்னாங்க.

ரெண்டு நாள் ஆச்சு. நுரையும் இல்ல, சத்தமும் இல்ல. வெறும் இஞ்சித் தண்ணி.

சமையல் குரூப்ல கேட்டேன்: "ஈஸ்ட் செத்துப்போச்சா? என்ன செய்றது?"

கொழும்புல இருந்து ஒரு அக்கா, "எங்க வீட்டுல ஒரே நாள்ல பொங்கிருச்சே!"ன்னு எழுதினாங்க. (நீங்க வேர்வையில குளிக்கிற ஊரு அக்கா. நாங்க சுடுதண்ணியில குளிக்கிற ஊரு.)

இன்னொருத்தர் இன்னும் ரெண்டு கரண்டி ஈஸ்ட் போடச் சொன்னாரு. நானும் கரண்டிய எடுத்துட்டேன்.

அப்பதான் ரோஸ் அக்கா வந்தாங்க. பேரு ரோஸ் கார்டன், படம் ஒரு செவப்பு ரோஜா.

"போடாதீங்க. ஈஸ்ட் சாகல, குளிருக்குத் தூங்குது. போத்தல கம்பளியில சுத்தி அடுப்படியில வைங்க. அடுப்புக்கு ரொம்பக் கிட்ட வேணாம்."

மழைக்கு அம்மா போட்டுக்கிட்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போற கம்பளி ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. சுத்தி வச்சேன். மறுநாள் காலையில போத்தலெல்லாம் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. நான் அடுப்படியிலயே ஒரு ஆட்டம் போட்டேன்.

அதுக்கப்புறம் ரோஸ் அக்காவ இன்பாக்ஸ்ல விடவே இல்ல.

"அக்கா, அடியில வெள்ளையா மண்டி நிக்குதே?"

"அது ஈஸ்ட்தான். கலக்காம ஊத்துங்க."

"இதக் குடிச்சா சாராயம் மாதிரி வெறிக்குமா அக்கா?"

"ரெண்டு மூணு நாள்ல குடிச்சா வெறிக்காது. வாரக்கணக்கா வச்சா நான் பொறுப்பில்ல."

"போத்தல் வெடிச்சிராதே?"

"தெனம் காலையில ஒவ்வொரு போத்தலையும் லேசா தொறந்து காத்து விடுங்க. ஒண்ணையும் விட்டுறாதீங்க."

அக்கா இவ்வளவு நல்லவங்களா இருக்கவும் மனசுல உள்ளதையும் கொட்டிட்டேன். "இது எங்க மாமனாருக்கு அக்கா. அவரு சரியான முசுடு. என்கூட பேசவே மாட்டாரு. குடிப்பாரோ மாட்டாரோன்னு பயமா இருக்கு."

ரொம்ப நேரம் டைப் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. கடைசியில வந்தது ஒரே ஒரு வரி.

"செய்ங்க. குடிப்பாரு."

ஒம்போது போத்தலுக்கு ஒழுங்கா காத்து விட்டேன். பத்தாவது போத்தல் மாமாவுக்குன்னு தனியா வச்சது. அதைத் தொறந்தா கேஸ் கொறஞ்சிருமே, அவருக்கு ஃபுல்லா இருக்கட்டும்னு தொடவே இல்ல. (ஆமா, தெரியும். இப்ப தெரியும்.)

நேத்து மாமா நாத்தனாரோட வந்தாரு. "ஸ்டீபன், கறி நல்லா இருக்குன்னு சொல்லு." ஸ்டீபன் என்னைப் பாத்து, "கறி நல்லா இருக்காம்." வழக்கம் போலத்தான்.

நான் பத்தாவது போத்தல மேசைக்குக் கொண்டு வந்தேன். அடி உருண்டு, நிக்க மாட்டாம ஆடுது. மூடியில கைய வச்சேன்.

மாமா எந்திரிச்சே நின்னுட்டாரு.

"ராதா, தொறக்காத! கீழ வை!"

என் பேரு! அவரு வாயில! அந்த அதிர்ச்சியில கை தானா திருகிருச்சு.

மிச்சம் உங்களுக்கே தெரியும். சீலிங்.

மாமா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. மூக்கு நுனியில நுரை. என்னையே பாத்துச் சொன்னாரு, "ஒண்ணையும் விடாம காத்து விடுங்கன்னு எழுதினேனே?"



"எங்க எழுதினீங்க மாமா?"

அவரு கோழிக்கறியப் பாத்தாரு. நாத்தனார்தான் சிரிப்ப அடக்க முடியாம, "ரோஜா படம் நான்தான் போட்டுக் குடுத்தேன்"னாங்க.

எனக்கு பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. முசுடுன்னு சொன்னது அவருகிட்டயேவா?

போத்தல் அடியில ரெண்டு விரக்கடை மிச்சம் இருந்துச்சு. மாமா அத கிளாஸ்ல ஊத்தி, மண்டியோட ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சாரு.

"குடிப்பாருன்னு சொன்னேனா இல்லையா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துருச்சு.

இன்னைக்குக் காலையில இன்பாக்ஸ்ல ரோஸ் அக்கா: "ஈஸ்ட் மிச்சம் இருக்கா? புது வருஷத்துக்கும் வர்றேன். இப்படிக்கு, முசுடு."

குரூப்ல உங்களுக்கு ரொம்ப அன்பா பதில் சொல்ற அக்கா யாராவது இருக்காங்களா? ஒருக்கா மாமனாரோட ஃபோனப் பாத்துக்குங்க!