கடை வாசலில் அம்மாவுக்குக் கிடைத்த மூச்சு

என் அம்மாவின் மூச்சு ஓர் இயந்திரத்தை நம்பி இருந்தது. அந்த இயந்திரம் மின்சாரத்தை நம்பி இருந்தது. முன்பின் தெரியாத ஒரு கடையின் வாசலில், கொட்டும் மழையில், வண்டிக்குள் படுத்திருந்தபோது அந்த மின்சாரம் நின்றுபோனது. முருகனை நம்பும் உங்கள் எல்லோரிடமும் அந்த இரவைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் ஈரோடு. அம்மா நூற்பாலையில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி கொஞ்சம் கொஞ்சமாக அவர் நுரையீரலைத் தின்றுவிட்டது. 1999ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று இரவும் பகலும் அவர் பக்கத்தில் ஓட வேண்டியிருந்தது. நான் மின்னியல் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கடவுளைக் கும்பிடுவது அம்மாவின் பொறுப்பு. எங்கள் வீட்டில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது.

அந்த ஐப்பசியில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "சஷ்டிக்குத் திருப்போரூர் போகோணும் கண்ணு. இந்த வருசம் உட்டா மறுக்காப் பார்ப்பனோ என்னமோ." அப்பா மறுபேச்சுப் பேசாமல் எங்கள் பழைய வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டிலைப் போட்டார். நான் ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் பொருத்தினேன். வண்டி ஓடும்போது டைனமோ அந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பிளக் கிடைத்தால் போதும். கூடவே அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர்.

லாட்ஜுகளில் எங்களைச் சேர்க்கவில்லை. மூக்கில் குழாயோடு ஒருவரைப் பார்த்ததுமே "ரூம் காலி இல்லீங்க" என்றுவிடுவார்கள். அதனால் இருட்டும் நேரத்தில் பெரிய கடையாகப் பார்த்து, வண்டி நிறுத்தும் இடத்தில் ஓர் ஓரமாக இரவு தங்கிக்கொள்ளலாமா என்று கேட்போம். விழுப்புரம் பக்கம் ஒரு பாத்திரக் கடை, பாண்டிச்சேரிக்கு வெளியே ஒரு மரச்சாமான் கடை. இரண்டு இடத்திலும் மனிதர்கள் நன்றாகவே நடத்தினார்கள்.

மூன்றாம் நாள் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். செய்யூர் தாண்டி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே, சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தது. டைனமோ போய்விட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சுற்றுலா பஸ்கள் நிற்கும் பெரிய மைதானத்தோடு ஒரு கைவினைப் பொருள் கடை தெரிந்ததும் அப்பா உள்ளே திருப்பிவிட்டார். மறுநாள் சூரசம்ஹாரம். திருப்போரூருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

கடை முதலாளி எங்கள் அப்பா வயதுக்காரர். அம்மாவை எட்டிப் பார்த்தார். "வராண்டா சொவுத்துல ப்ளக் கீது, போட்டுக்குங்க. வாட்ச்மேன் ஏகாம்பரம் இருப்பான். காலைல பாக்கலாம்" என்றார். பிளக்கில் விளக்கு எரிந்தது. பெட்டி ஓடியது. அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார். கடை மூடினார்கள். ஸ்கூட்டர் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. நாங்கள் நிம்மதியாகக் கண்ணயர்ந்தோம்.

இன்வெர்ட்டரின் அலறல்தான் என்னை எழுப்பியது. பேட்டரி தீரும் தறுவாயில் மட்டும் வரும் சத்தம் அது. பிளக்கில் மின்சாரம் இல்லை. அது எப்போது நின்றதோ, நான் வைத்திருந்த தானியங்கி மாற்றி ஓசைப்படாமல் பெட்டியைப் பேட்டரிக்கு மாற்றியிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. மழை, அதனால் கரண்ட் போயிருக்கிறது, வந்துவிடும் என்று நினைத்தேன். சிலிண்டரைத் திறந்துவிட்டேன். முந்தின நாட்களில் வழியில் அடிக்கடி திறந்ததில், அளவு காட்டும் முள் ஏற்கெனவே சிவப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

மழையில் டார்ச் விளக்கோடு ஏகாம்பரம் வந்தார். தலையில் உரச்சாக்கை மடித்துப் போட்டிருந்தார்.

"இன்னாம்மா, இன்னா சத்தம் அது? தூங்கிகினு இருந்தவன் பேஜாராயி எய்ந்து வரேன்."

"கரண்ட் எப்பங்கண்ணா வரும்?"

"கரண்ட்டா? கரண்ட் எங்க போச்சு? மொதலாளி தினிக்கும் மெயின எறக்கிட்டுத்தான் போவாரு. காலைல வந்து ஏத்துவாரு."

காத்திருந்தால் வரும் என்று நினைத்த மின்சாரம் காலை வரை வரவே வராது.

"அந்த மெயின் எங்க இருக்குதுங்க?"

"உள்ள. ரெண்டு பூட்டுக்கு அந்தாண்ட. சாவி அவுரு வூட்டுல."

"அவருக்கு ஒரு போன் போடலாமுங்களா?"

"போனும் உள்ளதாம்மா கீது. அவுரு வூடு செங்கல்பட்டுல."

நெருக்கடி வந்தால் வழிகளை வரிசையாக மனதில் எழுதி ஒவ்வொன்றாகப் பார்ப்பது என் பழக்கம். அன்றும் அதைத்தான் செய்தேன். வண்டியைக் கிளப்பிப் பார்த்தோம். ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். ஏகாம்பரமும் நானும் தள்ளினோம். சக்கரம் ஈர மண்ணில் புதைந்தது. ரோட்டில் போகிற வண்டி எதையாவது நிறுத்தி உதவி கேட்கலாம் என்று அப்பா மழையில் ஓடினார். ஒரே ஒரு லாரி வந்தது. கை காட்டக் காட்ட நிற்காமல் போனது. பக்கத்தில் வீடு கிடையாது. எல்லாம் தோப்பும் மூடிய கடைகளும்தான். மனதில் எழுதிய வழிகளை ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் எதுவும் மிஞ்சவில்லை.

வண்டிக்குள் திரும்பியபோது அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"கண்ணு... நீ... அழுகாத. அவனக்... கூப்புடு."

நான் இறங்கிப் போனேன். அம்மா முன்னால் அழக்கூடாது என்றுதான் இறங்கினேன். கடை வராண்டாவின் கூரைக்கடியில் நின்றேன். கோயிலில் நின்றால்கூட அம்மாவுக்கு இது, அப்பாவுக்கு இது, எனக்கு இது என்று கணக்காகக் கேட்பவள் நான். அன்று கேட்பதற்குச் சொல் வரவில்லை. "முருகா, எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. இனி நீ பார்த்துக்கொள்" என்றேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டுச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். வராண்டாவின் ஈரத் தரையில் சிவப்பாக ஏதோ மினுங்கியது. எதன் வெளிச்சம் என்று நிமிர்ந்து பார்த்தேன். கடைக்கு முன்னால் மடிப்புக் கம்பிக் கதவு. அதற்கும் உள்ளே இருந்த ஷட்டருக்கும் நடுவில் ஒரு குறுகலான இடம். அதன் சுவரில் உயரத்தில் மாலை போட்ட ஒரு சாமி படம். படத்துக்குக் கீழே ஒரு சின்ன சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மெயினை இறக்கிவிட்டார்கள். ஆனால் இது எரிகிறது.

"அண்ணா! இது மட்டும் எப்படிங்க எரியுது?"

"அது சாமி லைட்டு. அது எப்பவும் எரியும். அதுக்குத் தனி லைன்."

நான் வண்டிக்கு ஓடினேன். பல்பு மாட்டும் ஹோல்டரிலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு ஹோல்டர் பிளக் உண்டு. பிளக் பாயிண்ட் இல்லாத வீடுகளில் இஸ்திரிப் பெட்டிக்குப் போடுவார்கள். என் கருவிப் பையில் ஒன்று இருந்தது. வண்டியிலிருந்து வராண்டாவுக்கு இழுத்திருந்த ஒயரின் மூன்று முள் பிளக்கை வெட்டியெறிந்துவிட்டு அதை மாட்டினேன். அவசரத்தில் திருகு இரண்டு முறை கீழே விழுந்தது.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று புரிந்ததும் ஏகாம்பரம் கம்பிக் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா பண்ணப் போற? சாமி பல்ப கழட்டுவியா? கட தொறந்த நாள்லேர்ந்து ஒரு நாள் அணைஞ்சதில்ல அது. மொதலாளி என்ன தொலச்சிடுவாரு. உனுக்கும் ஆவாது, எனுக்கும் ஆவாது!"

"எங்க அம்மா போயிருமுங்கண்ணா."

அவர் வண்டியைப் பார்த்தார். உள்ளே அப்பா, அம்மாவின் முதுகை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி இறங்கியது. சிலிண்டரின் முள் கீழே படுத்துவிட்டது.

ஏகாம்பரம் தன் இடத்துக்குப் போனார். ஒரு சின்ன அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி எடுத்துவந்து, கம்பிகளுக்குள் கையை விட்டு, படத்துக்கு நேர் கீழே தரையில் வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி இருட்டுல இருக்கக் கூடாது. இப்ப கழட்டு" என்றார்.

துணியால் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டேன். வராண்டாவில் கிடந்த ஒரு முக்காலி மேல் ஏறி, கையைத் தோள் வரை கம்பிக்குள் நுழைத்தேன். விரல் நுனி பல்பைத் தொட்டது. எட்டவில்லை. கன்னம் கம்பியில் நசுங்க இன்னும் நுழைத்தேன். பல்பை அழுத்தித் திருப்பினேன். கையோடு வந்தது. சிவப்பு அணைந்தது. அந்த ஒரு கணம் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிளக்கை மாட்டும் முன் ஒரு பயம் வந்தது. ஒரு பல்புக்காகப் போட்ட லைன். அதன் ஃபியூஸ் கம்பி எவ்வளவு மெல்லியதோ எனக்குத் தெரியாது. பெட்டியின் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு கணம் அதிக மின்சாரத்தை இழுக்கும். அந்த இழுப்பில் ஃபியூஸ் போனால் அதுவும் பூட்டுக்கு உள்ளே. பல்பு ஹோல்டரில் எர்த் கிடையாது, எர்த் இல்லாமல் ஓட்டினால் பெட்டியைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். படித்த எதுவும் எனக்கு அங்கே உறுதி தரவில்லை. "முருகா, இந்த ஒரு கம்பியை மட்டும் பிடித்துக்கொள்" என்று சொல்லி மாட்டினேன். "அப்பா, பெட்டியத் தொடாம சுவிட்ச மட்டும் போடுங்க!" என்று கத்தினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான்.

பிறகு வண்டிக்குள் ஒரு 'பீப்'. அதன் பின்னால், வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்ட எந்த இயந்திரச் சத்தத்தையும்விட இனிமையாக, அந்தப் பெட்டி இரைய ஆரம்பித்தது. நின்று நின்று இல்லை. சீராக.

ஏகாம்பரம் முக்காலியை எட்டிப் பிடித்தார். நான் விழப்போவதாக நினைத்துவிட்டார் போலும். "இன்னா பாப்பா, கரண்ட்ட புட்ச்சிட்டியா? இனி எறங்கு. சாமிக்கு முன்னாடி குரங்காட்டம் தொங்கிகினு கீற" என்றார். அழுகையோடு சிரித்தேன்.

அவர் அந்த இரவு திரும்பத் தூங்கவில்லை. அரிக்கேன் அணைந்துவிடாமல் கம்பிக் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாவின் உதட்டில் மெல்ல மெல்ல நிறம் திரும்பியது.

விடிந்து முதலாளி ஸ்கூட்டரில் வந்ததும் ஏகாம்பரம் எங்களுக்கு முன்னால் ஓடினார். "மொதலாளி, சாமி பல்ப கழட்டிட்டோம். நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றார். முதலாளி முகம் மாறியது. விளக்கைப் பார்த்தார். ஒயர் போகும் திசையைப் பார்த்தார். வண்டிக்கு வந்து, அம்மாவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததை அப்பா சொல்லச் சொல்ல முழுவதும் கேட்டார்.

"ப்ளக் போட்டுக்கங்கன்னு சொன்னவன் நான். மெயின எறக்கிட்டுப் போனவனும் நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்து, "அக்கா, மன்னிச்சுக்கோங்க" என்றார்.

கம்பிக் கதவைத் திறந்தார்கள். பகல் வெளிச்சத்தில்தான் அந்தப் படத்தை நான் சரியாகப் பார்த்தேன். இரவெல்லாம் முருகா, முருகா என்று நான் கதறியது ஒரு பிள்ளையார் படத்துக்கு முன்னால். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

"தம்பியக் கூப்புட்டே. அவன் சண்டைக்குப் போற அவசரத்துல இருந்திருப்பான். அண்ணன அனுப்பி வெச்சிருக்கறான்."

மாமல்லபுரத்திலிருந்து மெக்கானிக்கை முதலாளியே அழைத்துவந்தார். வண்டி தயாராவதற்குள் என்னிடம் ஓர் உதவி கேட்டார். "நீங்க லைன் வேல தெரிஞ்சவங்க. அந்த வராண்டா ப்ளக்கையும் சாமி லைன்ல சேத்துட்டுப் போங்கம்மா. இனிமே இங்க ராத்தங்குற வண்டிக்கு அது அணையக் கூடாது." தடித்த ஒயர், சரியான ஃபியூஸ், எர்த் எல்லாம் போட்டு முடித்துவிட்டு, சிவப்பு பல்பை என் கையாலேயே திரும்ப மாட்டினேன். அன்று மாலை திருப்போரூரில் சூரசம்ஹாரம் பார்த்தோம். கூட்டத்துக்கு வெளியே, வண்டிக்குள் இருந்தபடியே அம்மா கைகூப்பினார்.

அதன் பிறகு முருகன் எங்களுக்கு அம்மாவோடு இன்னும் ஐந்து சஷ்டிகள் கொடுத்தான். வேலை மாறி நான் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டேன். வீட்டில் கும்பிடும் பொறுப்பு இப்போது என்னுடையது. காலையில் தொழிற்சாலைக்குக் கிளம்பும் முன் விளக்கேற்றி நிற்கிறேன். அவனிடம் கணக்கு ஒப்பிப்பதில்லை. நீ பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இன்று எல்லா வழியையும் அடித்து முடித்துவிட்டு, இனி ஒன்றுமில்லை என்று இருட்டில் நின்றுகொண்டிருக்கலாம். உங்களிடம் ஒன்றுதான் சொல்வேன். வாய்விட்டு அவனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு கண்ணைத் திறந்து சுற்றிலும் பாருங்கள். அவன் வேல் எடுத்து நேரில் வரவில்லையே என்று ஏங்காதீர்கள். யாரையாவது அனுப்பியிருப்பான். ஒரு பூட்டிய கதவுக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில், உங்களுக்கென்று ஒன்றை அணையாமல் வைத்திருப்பான்.